வெண்பனி பொழிவது எப்போது?

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்கள் பிறந்ததும் வட இந்தியாவில் ஒரு வகை எதிர்பார்ப்பு தலைகாட்டத் தொடங்குகிறது. டில்லியிலும் சண்டிகரிலும் லக்னோவிலும் இரவின் வெப்பநிலை இறங்க இறங்க, வானிலையில் ஆர்வம் கொண்டோர் வெப்பமானியை நோக்கிய வண்ணம் இருக்கின்றனர். நேற்று 5 டிகிரி, இன்று 3 டிகிரி, இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் வெண்பனி பொழியும் அன்றோ என்பது அவர்களுடைய கணக்கு. விடுமுறை கிடைத்தவர்கள் சிம்லாவுக்கும் முசூரிக்கும் நைனிதாலுக்கும் மூட்டை கட்டுகின்றனர். அங்கே சென்று, பல் கிட்டும் குளிரில் மூன்று நான்கு நாட்கள் காத்திருந்து, நீல வானத்தையும் பளிச்சென்ற வெயிலையும் மட்டுமே கண்டு திரும்புவோர் பலர். அவர்கள் திரும்பிய பிறகு, குளிர் சற்றுத் தணிந்த ஒரு மந்தமான பொழுதில் அங்கே வெண்பனி பொழிந்துவிடுவதும் உண்டு.

இதில் விந்தை ஏதும் இல்லை. கடுங்குளிரும் வெண்பனியும் ஒன்றையொன்று அடுத்து வருகின்றன என்பது உண்மையே. ஆனால் அவை வரும் வரிசை, மக்கள் பொதுவாக எண்ணும் வரிசைக்கு நேர்மாறானது. ஏன் அவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மாணவர் கேட்கும் கேள்விக்கு விடை கூற வேண்டிய ஆசிரியர்களுக்கும், பயிருக்கும் பாதைக்கும் பொறுப்பேற்றுள்ள களப் பணியாளர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறோம். வெப்பநிலைகள் யாவும் செல்சியஸ் அளவில் தரப்பட்டுள்ளன.

பனி என்னும் ஒரு சொல்

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. தமிழில் ‘பனி’ என்பது பல பொருளுக்கு ஒரே சொல்லாக நிற்கிறது. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர் நாள்தோறும் கண்டது புல்நுனியில் தங்கும் நீர்த்துளியையும் காலை வேளையில் வயலை மறைக்கும் மூட்டத்தையுமே. அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஆனால் இன்று டில்லியிலிருந்து வரும் வானிலை அறிக்கையில் நான்கு வெவ்வேறு சொற்களாக இருப்பவை, நம் நாளிதழ்களுக்கு வந்து சேரும்போது நான்கும் ‘பனிப்பொழிவு’ ஆகிவிடுகின்றன. இந்த அறிக்கைகளைத் தமிழாக்குவோருக்கு இது தீராத தலைவலி. சொற்குழப்பத்தோடு முடிந்தால் கவலை இல்லை. பயிரைக் கருக்கும் நிகழ்ச்சிக்கும் பயிருக்குப் போர்வையாகும் நிகழ்ச்சிக்கும் ஒரே பெயர் வழங்கினால் உழவர் என்ன செய்வார்?

ஆகவே இங்கே சொற்களைப் பிரித்தே ஆளுவோம். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த புல்லின்மீது நீராகப் படிவது பனித்துளி. நிலத்தை ஒட்டிய காற்றிலேயே நுண்துளிகளாக மிதப்பது மூடுபனி. இலையும் புல்லும் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்டபோது நீராவி அவற்றின்மீது வெள்ளைப் படிகமாகப் படிவது உறைபனி. மேகத்தில் பிறந்து, படிகங்களாகத் திரண்டு, வானிலிருந்து இறங்கி வருவது வெண்பனி. முதல் மூன்றும் தரைக்கு அருகில் தோன்றுபவை. வெண்பனி ஒன்றுதான் மழையின் உடன்பிறப்பு. மேகம் இன்றி மழை இல்லாதது போலவே, மேகம் இன்றி வெண்பனியும் இல்லை.

மேகத்தினுள் நிகழ்வது

மேகத்திலுள்ள நீர்த்துளிகள் உறைநிலையை அடைந்ததும் உறைந்துவிடுகின்றன என்று நினைத்தல் வேண்டா. தூசு போன்ற ஒரு தகுந்த கரு கிடைக்காவிடில், மிக நுண்ணிய துளிகள் உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் கூட நீராகவே இருக்கும். ஏறத்தாழ 40 டிகிரி கீழே சென்றால்தான் கருவின் துணையின்றி அவை தாமாக உறைகின்றன. இவ்வாறு அதிகுளிர்ந்த நீர்த்துளிகளின் கூட்டத்திடையே ஒரு சில பனிப்படிகங்கள் தோன்றிவிட்டால், அங்கே ஒரு சமனற்ற பங்கீடு தொடங்குகிறது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நிலவும் நீராவி அழுத்தம், அதே வெப்பநிலையிலுள்ள நீரின் மேற்பரப்பில் நிலவுவதைவிடக் குறைவு. ஆதலின் நீர்த்துளிகள் ஆவியாகித் தேய, அந்த ஆவியைப் படிகங்கள் கவர்ந்து பருக்கின்றன. பருத்த படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இதழ்களாக இறங்குகின்றன. நாம் நன்கறிந்த ஆறு கிளை கொண்ட நட்சத்திர வடிவம், பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியை ஒட்டிய மேகப் பகுதிகளில் உருவாகிறது.

இப்படிகங்களின் அழகில் மனத்தைப் பறிகொடுத்தோர் பலர். அவை ஏன் ஆறு மூலை கொண்டவையாக உள்ளன என்று ஆராய்ந்து, வானியல் அறிஞர் கெப்ளர் 1611ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து உழவரான வில்சன் பென்ட்லி, நுண்ணோக்கியோடு புகைப்படப் பெட்டியை இணைத்து, 1885ஆம் ஆண்டு ஜனவரியில் முதன்முதலாக ஒரு படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஜப்பானிய இயற்பியல் அறிஞர் உகிசிரோ நாகாயா, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1936ஆம் ஆண்டில் ஆய்வகத்திலேயே வெண்பனிப் படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்ற மாற்றப் படிகத்தின் வடிவமும் மாறுகிறது என்பதை அவர் நிறுவினார். அதாவது, தரையில் வந்து விழும் படிகத்தைக் கண்டே மேலே மேகத்தில் நிலவிய நிலையை ஓரளவு ஊகிக்கலாம்.

குளிர் மட்டும் இருந்து பயன் என்ன?

படிகம் வளர நீராவி வேண்டும். இங்கேதான் ஆர்வலரின் கணக்கு முதலில் தடுமாறுகிறது. காற்று குளிரக் குளிர அது தாங்கும் நீராவியின் அளவு விரைந்து குறைகிறது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி அடங்கும். 0 டிகிரியில் சுமார் 5 கிராமே அடங்கும். உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் ஏறத்தாழ 1 கிராம்தான். மிகக் குளிர்ந்த காற்று, கையில் காசில்லாத செல்வந்தனைப் போன்றது. தோற்றத்தில் பெரிது, கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

லடாக்கின் தலைநகரான லே இதற்குச் சிறந்த சான்று. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரின் குளிருக்கு முன் சிம்லாவின் குளிர் ஒரு பொருட்டன்று. எனினும் அங்கே ஆண்டு முழுவதும் மழையும் வெண்பனியும் சேர்ந்து சுமார் 100 மில்லிமீட்டரே பெய்கிறது. குளிருக்குக் குறைவில்லை, ஈரம் ஏறி வருவதற்கு இமயத் தொடர்கள் இடம் கொடுப்பதில்லை.

சரி, வட இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவமழை முடிந்து நெடுநாள் ஆகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையோ தெற்கே நமக்குரியது. இமயத்துக்குக் குளிர்கால ஈரத்தைக் கொண்டு வருபவை, மேற்கத்தியக் கலக்கங்கள் என்று வானிலைத் துறையினர் குறிப்பிடும் காற்றழுத்தத் தாழ்வுகளாகும். இவை மத்தியதரைக் கடல், கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றை ஒட்டிய பகுதிகளில் தோன்றி, உயர் வளிமண்டலத்தில் வீசும் வலிய மேலைக் காற்றோட்டத்தில் மிதந்து, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி வருகின்றன. வழியில் அரபிக் கடலிலிருந்தும் ஈரத்தைச் சேர்த்துக்கொள்வதுண்டு. குளிர்காலத்தில் மாதத்துக்குச் சராசரியாக நான்கு முதல் ஆறு கலக்கங்கள் வட இந்தியாவைக் கடக்கின்றன. அவை அனைத்தும் வெண்பனி தருவனவல்ல. சில, உயர்ந்த மேகத் திரையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

ஒரு நல்ல கலக்கம் வரும்போது நிகழ்வதை வரிசையாக நோக்குவோம். அதற்கு முன்பாகத் தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ சற்று வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று மலையை நோக்கி ஏறுகிறது. வானத்தில் முதலில் மெல்லிய வெண்மேகம் படர்கிறது. சந்திரனைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம். பின்னர் மேகம் தடித்து வானம் சாம்பல் நிறமாகிறது. இரவில் நிலம் இழக்கும் வெப்பத்தை மேகம் தடுத்துத் திருப்பி அனுப்புவதால் இரவின் வெப்பநிலை ஏறுகிறது. இந்நிலையில்தான் மலைகளில் வெண்பனியும் சமவெளியில் மழையும் பெய்கின்றன. கலக்கம் கிழக்கே கடந்தபின் வானம் வெளுக்கிறது. வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று இறங்குகிறது. வெண்பனி மூடிய மலைகளும் ஈரமான சமவெளியும் தெளிந்த வானத்தின் கீழ் இரவில் வெப்பத்தைத் தாராளமாக இழக்கின்றன. அடுத்து வருவது குளிரலையும் மூடுபனியும்.

ஆகவே கடுங்குளிர் என்பது கடந்து சென்ற வெண்பனியின் பின்விளைவாகவே பெரும்பாலும் அமைகிறது. அடுத்த வெண்பனிக்கு முன் அந்தக் குளிர் சற்றுத் தளர வேண்டும். மலையில் காத்திருப்பவருக்கு இரவுக்குளிர் தணிந்து மேகம் கூடுவதே நற்குறி.

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட்களைச் ‘சில்லை கலான்’ என்று அழைப்பர். குளிரின் உச்சப் பருவம் அது. அதைத் தொடர்ந்து இருபது நாட்கள் ‘சில்லை குர்து’, அதன்பின் பத்து நாட்கள் ‘சில்லை பச்சா’. பெரியது, சிறியது, குழந்தை என்று குளிருக்கு வயது வைத்துப் பெயரிட்டிருப்பது நயமானது. அவ்வாண்டு அப்பருவம் தொடங்கும் தருவாயில் ஸ்ரீநகரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8.5 டிகிரிக்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர்த் திங்களில் கண்டிராத குளிர் அது. குழாய்களில் நீர் உறைந்தது. தால் ஏரியின் ஓரங்கள் உறைந்தன. வெண்பனி மட்டும் இல்லை, ஏனெனில் வானம் தெளிந்திருந்தது. ஒரு வாரம் கழித்து, 27, 28 தேதிகளில் மேற்கத்தியக் கலக்கம் ஒன்று வந்தது. இரவுக்குளிர் தணிந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனியால் மூடப்பட்டது.

டில்லியில் ஏன் பொழிவதில்லை?

டில்லி சஃப்தர்ஜங் நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1935ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்ட உறைநிலைக்குக் கீழ் 0.6 டிகிரியாகும். 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அதே நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று. ஆர்வலர் பலர் அன்று வானத்தை நோக்கினர். வானத்தில் பொழிவதற்கு எதுவும் இல்லை; தரையில் அடர்ந்த மூடுபனி இருந்தது. அடுத்த சில நாட்களில் மேகம் சூழ்ந்து மழையே பெய்தது. இரவின் வெப்பநிலையும் பல டிகிரி ஏறிவிட்டது.

இத்தகைய இரவுகளில் குளிர் என்பது தரையை ஒட்டிய ஒரு மெல்லிய படலமே. சில நூறு மீட்டர் மேலே சென்றால் காற்று வெப்பமாகவே இருக்கும். வழக்கமாக உயரம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். தெளிந்த குளிர்கால இரவில் தரையருகே இது தலைகீழாகிவிடுகிறது. கலக்கம் வந்து இப்படலத்தைக் கலைக்கும்போது உறைநிலை மட்டம் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. மேகத்தில் பிறக்கும் படிகம் அந்த மட்டத்தைக் கடந்து சில நூறு மீட்டர் இறங்குவதற்குள் உருகி மழைத்துளியாகிறது. டில்லியில் பெய்யும் குளிர்கால மழைத்துளிகளில் பல, வழியில் வடிவிழந்த வெண்பனிகளே.

டில்லியை ஒத்த சமவெளி நகரங்களில் வெண்பனி எங்குமே பொழிவதில்லை என்று கூறவும் இயலாது. கடல் மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் மேலுள்ள பாக்தாத் நகரில் 2008ஆம் ஆண்டு ஜனவரியிலும் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் வெண்பனி பொழிந்தது. வடக்கிலிருந்து வந்த கண்டக் குளிர்காற்று அங்கே ஆழமான படலமாகப் பரவியிருந்தது. இந்தியாவின் வடக்கே இமயம் சுவராக நிற்பதால் சைபீரியாவின் ஆழ்ந்த குளிர்காற்று நேராக உள்ளே புக இயலாது. டில்லிவாசிக்கு வெண்பனியை மறுப்பதும், அவரைப் பெருங்குளிரினின்று காப்பதும் ஒரே மலைதான்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் நொய்டாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சாலைகள் வெள்ளைவெளேரென்று மாறியதைப் பலர் நினைவுகூர்வர். படங்களைக் கண்டு வெண்பனி என்று மகிழ்ந்தோர் உண்டு. விழுந்தது ஆலங்கட்டி. ஆலங்கட்டி இடிமேகத்தின் வலிய மேலெழு காற்றில் பிறப்பது. வெப்ப நாட்டிலும் கோடையிலும் விழக்கூடியது. கையில் எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும்: ஆலங்கட்டி உருண்டையாய்க் கெட்டியாய் இருக்கும், வெண்பனி மென்மையான இதழாய் உள்ளங்கையில் கரையும். ராஜஸ்தானத்தில் சூரு, ஃபதேபூர், ஆபு மலை முதலிய இடங்களிலிருந்து ஆண்டுதோறும் வரும் வெள்ளைப் புல்வெளிப் படங்களோ உறைபனியைக் காட்டுவன.

சிம்லாவின் இழுபறி

உயர்ந்த குல்மார்கில், கலக்கம் வந்துவிட்டால் குளிர்காலத்தில் பெரும்பாலும் வெண்பனிதான். சமவெளியில் மழைதான். இடைப்பட்ட சிம்லா, முசூரி, நைனிதால், மணாலி ஆகியவையே முன்னறிவிப்பாளரை வாட்டுபவை. இந்நகரங்கள் ஏறத்தாழ 2,000 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளன. கலக்கம் வரும் நாட்களில் உறைநிலை மட்டமும் பெரும்பாலும் இதே உயரத்தை ஒட்டியே மேலும் கீழும் ஆடுகிறது. இருநூறு மீட்டர் வேறுபாட்டில் மழையும் வெண்பனியும் இடம் மாறிவிடும். சிம்லாவின் கீழ்ப்பகுதிகளில் மழையும், அதே நேரத்தில் சுமார் 2,450 மீட்டர் உயரமுள்ள ஜாக்கூ குன்றின்மீது வெண்பனியும் பெய்வது புதிதன்று.

இந்த இழுபறியில் களப் பணியாளர் அறிந்திருக்க வேண்டிய கருவி ஒன்று உண்டு. அது ஈரக்குமிழ் வெப்பமானி. பொழியும் வெண்பனி வறண்ட காற்றினூடே இறங்கும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 600 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றே கொடுக்கிறது. ஆதலின் காற்று மேலும் குளிர்கிறது. எந்த அளவு குளிரக்கூடும் என்பதைக் காட்டுவதே ஈரக்குமிழின் அளவு. சிம்லாவின் உயரத்தில் உலர்குமிழ் 3 டிகிரியைக் காட்டி, காற்றின் ஈரப்பதம் பாதியளவே இருக்குமாயின், ஈரக்குமிழ் உறைநிலைக்குச் சுமார் ஒரு டிகிரி கீழே நிற்கும். அந்நிலையில் நல்ல மேகம் வந்தால், 3 டிகிரியில் இருந்த இடத்தில் சற்று நேரத்தில் வெண்பனி நிலைக்கலாம். அதே 3 டிகிரியில் காற்று ஈரத்தால் நிறைந்திருந்தால் ஈரக்குமிழும் 3 டிகிரியையே ஒட்டி நிற்கும். அங்கே மழையை அல்லது பாதி உருகிய சேற்றுப்பனியை எதிர்பார்ப்பதே பொருத்தம். வெறும் வெப்பமானியை மட்டும் நோக்கும் ஆர்வலர் இவ்வேறுபாட்டைக் காணவே இயலாது.

இன்னொரு காரணமும் உண்டு. உருகும் ஒவ்வொரு கிராம் பனியும் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. பொழிவு வலுத்தால், உருகும் பனியே தன் வழியிலுள்ள காற்றைக் குளிர்வித்து உறைநிலை மட்டத்தைக் கீழே இறக்கிவிடும். மாலையில் மழையாகத் தொடங்கியது நள்ளிரவில் வெண்பனியாக மாறுவதன் இரகசியம் இதுவே. தூறலாக மெலிந்துவிட்டால் மாற்றம் நிகழ்வதில்லை.

ஈரக்குமிழை வகுப்பில் காட்டுவது எளிது. இரு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட்டு, ஒன்றின் குமிழை மெல்லிய ஈரத்துணியால் சுற்றி, விசிறியால் வீசினால் போதும். சென்னையிலும் மதுரையிலும் ஐப்பசி மழை நாளன்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றாய் நிற்பதையும், மாசி மாதத்து நண்பகலில் பல டிகிரி விலகி நிற்பதையும் மாணவரே குறித்து வைக்கலாம்.

வானிலைத் துறையினர் இன்று இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு கலக்கங்களை ஈரானுக்கு அப்பாலிருந்தே பின்தொடர்கின்றனர். குஃப்ரியிலும் முக்தேசுவரத்திலும் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் டாப்ளர் ராடார்கள் செயல்படத் தொடங்கின. எனினும் மலைச்சரிவின் ஒரு மடிப்பில் மழையா வெண்பனியா என்பதை முன்கூட்டி அறுதியிடுவது இன்றும் கடினமே.

வராத பனியும் வந்த பனியும்

2024ஆம் ஆண்டு ஜனவரியில் வட இந்தியச் சமவெளி வாரக்கணக்கில் மூடுபனியிலும் குளிரிலும் நடுங்கியது. அதே வாரங்களில் குல்மார்கின் சரிவுகள் பழுப்பு நிறப் புல்லாய்க் கிடந்தன. வலிய மேற்கத்தியக் கலக்கம் எதுவும் வரவில்லை. பனிச்சறுக்குக்கு வந்தவர்கள் புல்தரையில் உலவித் திரும்பினர். குதிரைக்காரர்களும் வழிகாட்டிகளும் வருவாய் இழந்தனர். ஜனவரி இறுதியில்தான் வெண்பனி வந்தது. குல்மார்கின் தேசியக் குளிர்கால விளையாட்டுகள் பிப்ரவரி 21 முதல் 25 வரை நடந்தன.

சுற்றுலாப் பயணிகளின் ஏமாற்றத்தைவிடப் பெரிய இழப்பு வேறு உண்டு. இமயத்து வெண்பனி, கோடையில் சட்லெஜ், பியாஸ், செனாப் முதலிய ஆறுகளுக்கு நீராகும் சேமிப்பு. மழை பெய்தவுடன் ஓடிவிடும். வெண்பனி சித்திரை வைகாசி வரை மலையில் தங்கி, தேவையான நேரத்தில் சிறிது சிறிதாக இறங்கும். இமாசலத்திலும் காஷ்மீரிலும் வழக்கமான ஆப்பிள் வகைகள் பூப்பதற்கு, 7 டிகிரிக்குக் குறைவான குளிரில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உறங்கிக் கிடக்க வேண்டும். நிலத்தின்மீது கிடக்கும் வெண்பனி அக்குளிரையும் வேருக்கு வேண்டிய ஈரத்தையும் ஒருங்கே தருகிறது. ஆப்பிள் தோட்டக்காரர் வானத்தை நோக்குவதற்கும் விடுமுறைக்கு வந்தவர் நோக்குவதற்கும் உள்ள வேறுபாடு இது.

தென்மேற்குப் பருவமழைக்கும் இவ்வெண்பனிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று முதலில் ஆராய்ந்தவர், 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு. இமயத்தில் வெண்பனி மிகுந்தால் அதையடுத்த பருவமழை குன்றக்கூடும் என்று அவர் 1884ஆம் ஆண்டில் எழுதினார். நம் நாட்டின் நீண்டகால மழை முன்னறிவிப்பு அங்கிருந்தே தொடங்கியது. அத்தொடர்பு அவர் கருதிய அளவுக்கு உறுதியானதன்று எனப் பின்னர் தெரிந்தது. ஆயினும் 1976ஆம் ஆண்டில் ஹான், சுக்லா ஆகிய இருவரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு யூரேசியாவின் பனிப்பரப்பை ஆராய்ந்து இதே கேள்விக்கு மீண்டும் உயிரூட்டினர். 1905 முதல் 1928 வரை இத்துறையின் தலைமையகம் சிம்லாவிலேயே இருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

வெண்பனியை நாடிச் செல்வோர் அதன் மறுபக்கத்தையும் அறிந்திருத்தல் நலம். சிம்லாவை ஒத்த உயரத்தில் பாகிஸ்தானில் உள்ள மர்ரி என்னும் மலைநகரில், 2022ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் இரவு கடும் பனிப்பொழிவு ஏற்பட்டது. வெண்பனியைக் காண வந்த ஆயிரக்கணக்கான வாகனங்கள் சாலையில் சிக்கிக்கொண்டன. குறைந்தது 22 பேர் வாகனங்களுக்குள்ளேயே உயிரிழந்தனர். வெப்பத்துக்காக இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக்கொள்ளும்போது, புகைபோக்கியைப் பனி அடைத்துவிட்டால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே நிறைகிறது. பனியில் சிக்கியவர் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்ற வேண்டும். கண்ணாடியைச் சிறிது திறந்து வைக்க வேண்டும். இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டலாகாது. மலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனை மனத்திற் கொள்வாராக.

நீலகிரியின் வெள்ளைப் புல்வெளி

உதகமண்டலம் சிம்லாவை ஒத்த உயரமுடையது. ஜனவரியில் அதன் பள்ளத்தாக்குப் புல்வெளிகள் விடியற்காலையில் வெண்மையாய் மின்னும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. ‘உதகையில் பனிமழை’ என்ற தலைப்பையும் காணலாம். அது உறைபனியே. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வானம் தெளிந்து, காற்று அடங்கி, ஈரம் குறைந்த இரவுகளில் புல் தன் வெப்பத்தை வெளியிட்டு உறைநிலைக்குக் கீழே செல்கிறது. நான்கடி உயரத்துப் பெட்டியிலுள்ள வெப்பமானி 3 அல்லது 4 டிகிரியைக் காட்டும்போதே புல்மட்டத்தில் உறைபனி படிந்திருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானதாகையால் பள்ளங்களில் தேங்குகிறது. மேட்டுத் தோட்டம் தப்பிக்கப் பள்ளத்துத் தோட்டம் கருகுவது இதனால்தான்.

அங்கே வெண்பனி பொழியாமைக்குக் காரணம், டில்லிக்குக் கூறியதே. குளிர் உள்ள இரவில் மேகம் இல்லை. மேகம் வரும் நாளிலோ காற்று வெப்பக் கடலிலிருந்து வருவது. அப்போது உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கும். தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான்.

தேயிலைக் கொழுந்துக்கும் உருளைக்கிழங்குக்கும் மலைக்காய்கறிக்கும் உறைபனி பகை. தேயிலைத் தோட்டங்களில் தாகை முதலிய செடிகளை வெட்டிக் கொழுந்தின்மீது மூடிவைக்கின்றனர். இலை இழக்கும் வெப்பத்தை இம்மூடல் தடுக்கிறது. நீர் தெளிப்பதும் பயன் தரும். உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிட்டு இலையை உறைநிலையிலேயே நிறுத்தி வைக்கிறது. ஆனால் தெளிப்பைத் தொடங்கினால் வெயில் ஏறிப் பனி உருகும்வரை நிறுத்தலாகாது. இடையில் நிறுத்தினால் ஆவியாதலால் இலை மேலும் குளிர்ந்து, தெளிக்காத செடியைவிட மோசமாகப் பாதிக்கப்படும்.

அளப்பது எவ்வாறு?

இமயப் பகுதிகளில் பணிபுரிவோர்க்கு மட்டும் உரிய சில குறிப்புகள்: வெண்பனியின் ஆழத்தை, காற்று குவிக்காத சமமான தரையில் பல இடங்களில் அளவுகோலை நேராக ஊன்றிப் பார்த்துச் சராசரி காண்க. பலகை ஒன்றைத் தரையில் பதித்து வைத்து, ஒவ்வொரு முறை அளந்த பின்பும் அதைத் துடைத்துவிட்டால் புதிய பனி தனியே தெரியும். நீரளவை அறிய, மழைமானியில் சேர்ந்த பனியில் முன்னரே அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, மொத்தத்திலிருந்து ஊற்றிய அளவைக் கழித்துவிடுக. புதிய வெண்பனி 10 சென்டிமீட்டர் உருகினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீர் கிடைக்கும் என்பது ஒரு பொதுக்கணக்கே. மிகு குளிரில் பொழிந்த உலர்ந்த பனியில் நீர் இதைவிடக் குறையும். உறைநிலையை ஒட்டிப் பொழிந்த ஈரப்பனியில் கூடும். ஆகவே கணக்கை நம்பி உருக்காமல் விடலாகாது. ஈரக்குமிழ் உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது அதன் துணியின்மீது மெல்லிய பனிப்படலம் படிந்துள்ளதா எனப் பார்த்த பின்னரே அளவைக் குறிக்க வேண்டும். காலை 8.30 மணிப் பதிவில் ஆழம், உருகிய நீரின் அளவு ஆகிய இரண்டையும் தனித்தனியே எழுதுக. பொழிந்தது வெண்பனியா, ஆலங்கட்டியா, படிந்தது உறைபனியா என்பதைக் குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்லாலாவது தெளிவாகக் காட்டுக.